கிணற்றுத் தண்ணீர் சரியில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் அதற்கேற்ற சுத்திகரிப்பும்

கிணற்றிலோ போர்வெல்லிலோ வரும் தண்ணீர் சரியில்லை என்று தெரிந்ததுமே எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எந்த ஃபில்டர் நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இரும்பை எடுக்கிற கருவி நைட்ரேட்டைத் தொடாது, கிருமியைக் கொல்கிற விளக்கு உப்பைக் குறைக்காது, உப்பைக் குறைக்கிற ஆர்ஓ சவ்வில் இரும்புத் தண்ணீரை விட்டால் சவ்வுதான் போகும். எனவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் அறிகுறி, அப்புறம் அதற்கான பரிசோதனை, அப்புறம் கிணற்றிலேயே சரிசெய்ய முடியுமா என்ற கேள்வி, கருவி வாங்குவது கடைசியில். பல வீடுகளில் மூன்றாவது படியிலேயே வேலை முடிந்துவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன்

கோளாறு எல்லாக் குழாயிலும் இருக்கிறதா, ஒரே குழாயிலா என்று பாருங்கள். ஒரே குழாய் என்றால் அந்தக் குழாயும் அதற்குப் போகிற பைப்பும்தான் சந்தேகத்துக்குரியவை, கிணறு அல்ல. சுடுதண்ணீரில் மட்டும் என்றால் ஹீட்டரைப் பாருங்கள். காலையில் முதலில் வரும் தண்ணீரில் மட்டும் இருந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் போய்விடுகிறதா, ஓட ஓட அதிகமாகிறதா, மழைக்குப் பிறகு மட்டும் வருகிறதா, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆய்வகத்துக்குப் போகும்போது என்னென்ன பரிசோதிக்கச் சொல்வது என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கும்.

அடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டில். தொட்டிக்கும் ஃபில்டருக்கும் முன்னால், கிணற்றுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பிடித்ததும் ஒரு பார்வை, அரை மணி கழித்து ஒரு பார்வை, மறுநாள் ஒரு பார்வை. கீழே வருகிற பாதிக் கோளாறுகளை இந்தப் பாட்டிலே சொல்லிவிடும்.

பிடிக்கும்போது தெளிவு, கொஞ்ச நேரத்தில் பழுப்பு

இது கரைந்த இரும்பு. நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு நிறமில்லாமல் கரைந்தே இருக்கிறது, வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகி அடியில் இறங்குகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியிலும் கழிப்பறைக் கோப்பையிலும் கறை பிடிக்கத் தொடங்கும். உடம்புக்குப் பெரிய ஆபத்து இல்லை, எரிச்சல்தான் அதிகம்.

குழாயைத் திறந்ததுமே பழுப்பாக வந்தால் கதை வேறு. அது ஏற்கெனவே துருவான இரும்புத் துகள், அல்லது உங்கள் இரும்புப் பைப்பே அரிக்கப்படுகிறது. கிணற்றடியில் தெளிவு, வீட்டுக் குழாயில் பழுப்பு என்றால் பைப்தான். அதற்கு இரும்பு ஃபில்டர் வாங்கி வைப்பது வீண், ஃபில்டரைத் தாண்டியும் பைப் இருக்கிறதே.

துகளாக வருவதைச் சாதாரண வடிகட்டி பிடிக்கும். கரைந்த இரும்பை எந்தத் துணியும் எந்த மெல்லிய கார்ட்ரிட்ஜும் (கழற்றி மாற்றக்கூடிய வடிகட்டி உருளை) பிடிக்காது, அதைத் துருவாக்கிய பிறகே வடிகட்ட முடியும். அதற்கு மூன்று வழி உண்டு. காற்றைக் கலந்து, சிறிது நேரம் தேக்கி, மணல் போன்ற படுகை வழியே விடுவது முதல் வழி. பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 7-க்கு மேல் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும், அதற்குக் கீழே போகப் போக இரும்பு துருவாவது ரொம்ப மெதுவாகிவிடும். இரண்டாவது, குளோரின் சேர்த்து வடிகட்டுவது, 1 மி.கி. இரும்புக்குச் சுமார் 0.64 மி.கி. குளோரின் செலவாகும், கிருமிக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். மூன்றாவது, மாங்கனீசு ஆக்சைடு பூசிய படுகை. இரும்பு அதன் மேல் பட்டதும் துருவாகி அங்கேயே தங்கும், அவ்வப்போது தண்ணீரைத் தலைகீழாக விட்டுக் கழுவ வேண்டும். சில வகைகளுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊட்டவும் வேண்டும். அந்த ஊதாக் கரைசல் கைபட்டால் கறை, அளவு தவறினால் குழாயில் இளஞ்சிவப்புத் தண்ணீர், எனவே பொறுமை இல்லாத வீடுகளுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

கொஞ்சம் இரும்பு மட்டும் இருந்து தண்ணீர் கடினமாகவும் இருந்தால், கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியே அந்த இரும்பையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அது கரைந்த இரும்பாக இருக்க வேண்டும், அளவும் குறைவாக இருக்க வேண்டும். அதிகமானால் அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் துருவால் மூடப்பட்டு உப்புப் போட்டாலும் மீளாது.

கறுப்புக் கறை, கறுப்புத் தூள்

இது பெரும்பாலும் மாங்கனீசு. இரும்போடு சேர்ந்தே வரும், 0.05 மி.கி. அளவிலேயே பாத்திரத்திலும் துணியிலும் கறுப்பு ஏறும். இதை வெறும் கறைப் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாது. பச்சைக் குழந்தைகளை முன்னிட்டு உலகச் சுகாதார நிறுவனம் 0.08 மி.கி. என்ற தற்காலிக வரம்பை வைத்திருக்கிறது. காற்றுக்கு மட்டும் இது மசியாது, இரும்பைவிடப் பிடிவாதம். பிஎச் 9-க்கு மேல் போக வேண்டும், அல்லது வலுவான ஆக்சிஜனேற்றியோ மாங்கனீசு ஆக்சைடு படுகையோ வேண்டும்.

கறுப்புத் துகள் எல்லாமே மாங்கனீசும் அல்ல. விரலில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மை போல இழுத்துக்கொண்டு வந்தால் எங்கோ ரப்பர் வாஷரோ ஹோஸின் உள்பக்கமோ சிதைகிறது. நறநறவென்று கடினமாக இருந்தால், புதிதாகப் போட்ட கார்பன் ஃபில்டரின் தூளாக இருக்கலாம். கொஞ்ச நேரம் ஓடவிட்டால் நின்றுவிடும்.

தொட்டியில் செந்நிற வழவழப்பு, தண்ணீர் மேல் எண்ணெய் போன்ற படலம்

கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் திறந்தால் துரு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ தொங்குகிறது என்றால் அது இரும்புப் பாக்டீரியா. நோய் தருவதல்ல, ஆனால் பைப்பை அடைக்கும், நாற்றம் தரும், ஃபில்டர் படுகையைக் கெட்டியாக்கிவிடும். மேலே மிதக்கும் பளபளப்பான படலம் எண்ணெயா பாக்டீரியாவா என்று பார்க்க ஒரு குச்சி போதும். குச்சியால் கலைத்தால் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் பாக்டீரியா, சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

கிணற்றில் வளர்கிற இந்தப் பாக்டீரியாவை வீட்டில் வைக்கிற ஃபில்டர் ஒழிக்காது. கிணற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து அதிக அளவு குளோரின் போட வேண்டும், அப்போதும் சில காலம் கழித்துத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்குள் இறக்கும் பைப், கயிறு, மோட்டார் எதையும் தரையில் போட்டுவிட்டு அப்படியே உள்ளே இறக்காமல் குளோரின் தண்ணீரில் கழுவி இறக்கினால் புதிதாகத் தொற்றுவது குறையும்.

குளியலறை ஓரத்தில் இளஞ்சிவப்பு வழவழப்பு வந்தால் கிணற்றைத் திட்ட வேண்டாம். அது பெரும்பாலும் காற்றில் வந்து ஈரத்தில் வளரும் வேறொரு பாக்டீரியா. தேய்த்துக் கழுவி உலரவிட்டால் போதும்.

அழுகிய முட்டை நாற்றம்

தவறான கருவி வாங்குவது இந்த அறிகுறிக்குத்தான் அதிகம் நடக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம். நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் வருகிறது. அது எங்கே உண்டாகிறது என்பதுதான் கேள்வி.

சுடுதண்ணீரில் மட்டும் நாறினால் குற்றவாளி ஹீட்டர். தேக்கி வைக்கிற ஹீட்டர்களுக்குள் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தண்ணீரில் சல்பேட்டும் அதை உண்ணும் பாக்டீரியாவும் இருந்தால் அந்தக் கம்பியின் துணையோடு வாயு உண்டாகும். அலுமினியம்–துத்தநாகக் கம்பியாக மாற்றி, ஹீட்டரைக் குளோரினால் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்பியையே எடுத்துவிட்டால் நாற்றம் போகும், ஆனால் ஹீட்டர் துருப்பிடித்துச் சீக்கிரமே போய்விடும்.

இரண்டு தண்ணீரிலும் நாறி, ஓடவிட்டதும் குறைந்தால் பாக்டீரியா கிணற்றிலோ பைப்பிலோ குடியிருக்கிறது. கிணற்றுக்கு ஒரு குளோரின் சிகிச்சை கொடுத்துப் பாருங்கள். ஓட ஓட நாற்றம் நிற்காமல் அப்படியே இருந்தால் வாயு நிலத்தடி நீரிலேயே இருக்கிறது, இதற்குத்தான் கருவி. குறைந்த அளவுக்கு வினையூக்கி வகைக் கார்பன் ஃபில்டர் போதும். அதிகமானால் காற்றூட்டியோ குளோரின் சேர்த்தோ வடிகட்ட வேண்டும். இரும்பைவிட இதற்குக் குளோரின் நிறையச் செலவாகும், 1 மி.கி. சல்பைடுக்குக் குறைந்தது 2 மி.கி.க்கு மேல். இன்னொரு விஷயம், பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதற்குள் வாயு பறந்துவிடும். கிணற்றடியிலேயே சோதிக்க வேண்டும், அல்லது ஆய்வகம் தருகிற, மருந்து போட்ட பாட்டிலில் பிடிக்க வேண்டும்.

ஒரே ஒரு கைகழுவும் தொட்டியின் வடிகால் பக்கம் மட்டும் நாற்றமா? ஒரு தம்ளரில் பிடித்து வேறு அறைக்குப் போய் முகர்ந்து பாருங்கள். அங்கே நாறாவிட்டால் தண்ணீரில் கோளாறு இல்லை, சாக்கடைக் குழாயில்தான்.

வெள்ளைப் படிவு, நுரைக்காத சோப்பு

கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருக்கிற கடினநீர். லிட்டருக்கு 60 மி.கி. வரை மென்மை, 120 தாண்டினால் கடினம், 180-க்கு மேல் மிகக் கடினம் என்று பொதுவாகப் பிரிப்பார்கள், கால்சியம் கார்பனேட் கணக்கில். உடம்புக்குக் கெடுதல் என்று பயப்படத் தேவையில்லை. ஹீட்டரும் ஷவரும்தான் பாதிக்கப்படும்.

சாஃப்ட்னர் இதற்கு நேரான தீர்வு. ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கும்; நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவினால் மீண்டும் தயார். இதனால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவு) குறையாது. சாஃப்ட்னர் போட்டுவிட்டு மீட்டரில் எண் குறையவில்லையே என்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். ஒவ்வொரு 100 மி.கி. கடினத்தன்மைக்கும் சுமார் 46 மி.கி. சோடியம் தண்ணீரில் ஏறுகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் குடிக்கிற குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள்.

அளவுக் கணக்கு எளிது, விற்பவரிடம் விட்டுவிடாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். நாளுக்கு 600 லிட்டர், கடினத்தன்மை 400 மி.கி. என்றால் ஒரு நாளைக்கு 240 கிராம். ஒரு லிட்டர் ரெசின் ஒரு கழுவலுக்குச் சுமார் 50 கிராம் பிடிக்கும் என்று வைத்தால் 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும், அதாவது ஐந்து நாளைக்கு ஒரு முறை கழுவல். இந்தக் கணக்கில் தினமும் கழுவ வேண்டும் என்று வந்தால் கருவி சிறியது.

காந்தம் கட்டினால் கடினம் போய்விடும் என்று விற்கிறார்கள். காந்தம் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. படிவைக் குறைக்கிறது என்பதற்கான ஆதாரமும் நம்பும்படி இல்லை. பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

நீலப்பச்சைக் கறை, உலோகச் சுவை

தண்ணீர் அமிலத்தன்மையோடு இருந்து செம்புக் குழாய்களையும் பித்தளைப் பொருத்துகளையும் கரைக்கிறது. கறை சின்ன விஷயம், பழைய பற்றவைப்பிலிருந்தும் பித்தளையிலிருந்தும் ஈயம் வருவதுதான் கவலை. பரிசோதனைக்கு இரண்டு மாதிரி எடுங்கள். இரவு முழுக்கப் பைப்பில் நின்ற முதல் தண்ணீர் ஒன்று, ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு ஒன்று. முதலாவதில் செம்போ ஈயமோ அதிகம், இரண்டாவதில் இல்லை என்றால் உலோகம் உங்கள் பைப்பிலிருந்து வருகிறது. பிஎச் 6-க்கு மேல் இருந்தால் கால்சைட் எனப்படும் சுண்ணாம்புக்கல் துகள் நிரப்பிய தொட்டி வழியே தண்ணீரை விட்டாலே போதும். துகள் கரையக் கரைய நிரப்ப வேண்டும், கடினத்தன்மையும் கொஞ்சம் ஏறும். அதைவிட அமிலமாக இருந்தால் மெக்னீசியம் ஆக்சைடு கலக்க வேண்டும், அல்லது சோடா சாம்பல் கரைசலைச் சிறு பம்பினால் செலுத்த வேண்டும்.

கலங்கல், மணல், பால் போன்ற தண்ணீர்

பால் போல வந்து, பாட்டிலில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி. நீர்மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுக்கலாம், உறிஞ்சும் பைப்பில் கசிவு இருக்கலாம். ஆனால் சோடா போலப் பொங்கிப் பொங்கி வந்தால் தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயுவாகவும் இருக்கலாம். நெருப்பு வைத்துச் சோதிக்காதீர்கள், கிணற்று மூடிக்கு வெளியே காற்றுப் போக்குக் குழாய் வைத்து, தெரிந்தவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் மணல் தங்கினால் கிணற்றின் வடிகட்டிக் குழாய் சிதைந்திருக்கலாம், அல்லது மோட்டார் கிணற்றின் சுரப்புக்கு மீறி இழுக்கிறது, அல்லது மோட்டார் அடிமண்ணுக்கு மிக அருகில் தொங்குகிறது. மோட்டாரைக் கொஞ்சம் உயர்த்துவதிலோ சிறியதாக மாற்றுவதிலோ சரியாகிற கோளாறு இது. மணலைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி அதற்கு அடுத்த படி.

மறுநாள் வரை தெளியாமல் அப்படியே நின்றால் மிக நுண்ணிய களிமண். அது கார்ட்ரிட்ஜை நாள்கணக்கில் அடைத்துவிடும், படிகாரம் போன்றதைச் சேர்த்துத் திரளவைத்துத்தான் வடிகட்ட வேண்டும். கலங்கலே இல்லாமல் தேநீர் நிறம் மட்டும் இருந்து, எத்தனை நேரம் வைத்தாலும் எதுவும் இறங்காவிட்டால் மக்கிய இலைதழைகளின் டானின். அதற்குத் தனி வகை எதிர்மின் ரெசின் (எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் ரெசின்) உண்டு. இந்த நிறத்தோடு குளோரின் சேர்ப்பதைத் தவிர்க்கலாம், வேண்டாத துணைப்பொருட்கள் உண்டாகும்.

உப்புக் கரிப்பு

குளோரைடு 250 மி.கி. அளவைத் தாண்டும்போது நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும். கடலோரக் கிணறானால் அதிகமாக இறைப்பதால் அடியிலிருக்கும் உப்புநீர் மேலே ஏறி வரலாம், இறைப்பதைக் குறைத்துப் பாருங்கள். காய்ச்சினால் உப்பு இன்னும் அடர்த்தியாகும். கார்பன், சாஃப்ட்னர், யூவி (கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு) மூன்றாலும் உபயோகமில்லை. வீட்டளவில் ஆர்ஓதான் வழி. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டர் கழிவாகப் போவது சாதாரணம், அதனால் வீடு முழுவதற்கும் போடாமல் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வையுங்கள்.

பெட்ரோல், பெயின்ட், கரைப்பான் வாடை

குடிப்பதை, சமைப்பதை நிறுத்துங்கள். காய்ச்சவும் வேண்டாம், ஆவி அறைக்குள் பரவும். சுடுநீர்க் குளியலும் வேண்டாம். அருகில் எரிபொருள் தொட்டி கசிகிறதா என்று பார்க்கச் சொல்லி உரிய துறைக்குத் தெரிவிப்பதும், கரிம வேதிப்பொருள் பரிசோதனையும்தான் அடுத்த வேலை. கார்பன் ஃபில்டர் பிறகு வரலாம், ஆனால் மூலம் தெரியாமல் அதை நம்பிக் குடிக்க முடியாது.

மழைக்குப் பிறகு நிறம் மாறுகிறது, வீட்டில் அடிக்கடி வயிற்றுப்போக்கு

நிறம் மாறுவதே மேல்தண்ணீர் நேராகக் கிணற்றுக்குள் இறங்குகிறது என்பதன் அடையாளம். மேல்தண்ணீரோடு கிருமியும் வரும். கிருமிப் பரிசோதனை செய்து முடிவு வரும்வரை தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் மூன்று நிமிடம்.

பரிசோதனைக்கு ஆய்வகம் தருகிற கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதைக் கழுவாதீர்கள், உள்ளே இருக்கிற மருந்து போய்விடும். மூடியின் உள்பக்கம் கை படாமல் பிடித்து, குளிரில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். 100 மில்லிலிட்டரில் ஈகோலை என்ற குடல் பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலம் எங்கிருந்தோ கலக்கிறது.

இப்போது கிணற்றைச் சுற்றி ஒரு நடை. மூடி இறுக்கமாக இருக்கிறதா, போர்வெல்லின் வெளிக்குழாயான கேசிங் பைப் தரைமட்டத்துக்கு மேலே நிற்கிறதா, சுற்றியுள்ள சிமென்ட் மேடை வெடித்திருக்கிறதா, தண்ணீர் கிணற்றை நோக்கி ஓடுகிறதா அதைவிட்டு விலகி ஓடுகிறதா, கழிவுத் தொட்டியோ மாட்டுத் தொழுவமோ மேட்டுப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் போடுகிற குளோரின் அடுத்த மழை வரைக்கும்தான். கிணற்றுக்குள் மட்டும் நீங்கள் இறங்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாத காற்று உள்ளே தேங்கியிருக்கும். மயங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் நிறைய.

சரி, ஓட்டைகளை அடைத்தாகிவிட்டது, இனி குளோரின். தண்ணீரின் அளவைக் கணக்கிடுங்கள். ஒரு மீட்டர் விட்டமும் ஐந்து மீட்டர் தண்ணீரும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 3,900 லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 100 மி.கி. குளோரின் வேண்டுமானால் 390 கிராம், 33 சதவீத பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 1.2 கிலோ. 15 செ.மீ. விட்டமுள்ள போர்வெல்லில் 30 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 530 லிட்டர்தான், 5 சதவீத திரவக் குளோரின் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் போதும். வாசனை சேர்க்காதது வேண்டும், அமிலம் எதனோடும் கலக்கக் கூடாது. பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிவை ஊற்றி, ஹோஸ் மூலம் அதே தண்ணீரைக் கிணற்றுக்குள்ளேயே சுற்றவிடுங்கள். சாஃப்ட்னர், கார்பன், ஆர்ஓ எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். பன்னிரண்டு மணி நேரமாவது அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. பிறகு வாடை போகும்வரை வெளியே இறைத்து ஊற்றுங்கள், செடிகளுக்கும் கழிவுத் தொட்டிக்கும் போகாத இடத்தில். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. உடனே செய்தால் மிச்சக் குளோரின் பொய்ச்சான்று கொடுக்கும்.

மறுபடியும் கிருமி வந்தால் நிரந்தரக் கிருமி நீக்கம் தேவை. யூவி விளக்கு சுத்தமான தேர்வு, ஆனால் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். இரும்பு 0.3 மி.கி.க்கும் கடினத்தன்மை 120 மி.கி.க்கும் கீழே இருந்தால்தான் விளக்குறையில் படிவு ஏறாது. விளக்கைத் தாண்டிய தண்ணீருக்கு மேற்கொண்டு பாதுகாப்பு எதுவும் இல்லை, எனவே தேக்குத் தொட்டிக்குப் பிறகு வையுங்கள், முன்னால் வைக்காதீர்கள். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை விளக்கை மாற்றுங்கள். நீலமாக எரிந்துகொண்டிருந்தாலும் கிருமியைக் கொல்லும் வலு போயிருக்கும். கலங்கலோ இரும்போ இருக்கிற கிணற்றுக்குத் தொடர் குளோரினே பொருத்தம், கலந்தபின் அரை மணி நேரமாவது தேங்கவிட வேண்டும்.

எந்த அறிகுறியும் இல்லை

எனக்கு அதிகம் பயம் இந்தக் கிணறுகளிடம்தான். ஆர்செனிக், ஃப்ளூரைடு, நைட்ரேட், யுரேனியம் எதற்கும் நிறமில்லை, மணமில்லை, குடித்தால் நாக்கு ஒன்றும் சொல்லாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் லிட்டருக்கு ஆர்செனிக் 0.01 மி.கி., ஃப்ளூரைடு 1.5, நைட்ரேட் 50, யுரேனியம் 0.03. உங்கள் நாட்டுச் சட்ட வரம்பு இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் எதற்கும் காய்ச்சுவது மருந்தல்ல, தண்ணீர் வற்றி அளவு கூடத்தான் செய்யும்.

நைட்ரேட்டில் ஒரு பொறி இருக்கிறது. சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவும் சில நைட்ரஜனாகவும் எழுதும், 50 மி.கி. நைட்ரேட் என்பது சுமார் 11 மி.கி. நைட்ரஜன். அறிக்கையில் 20 என்று இருந்தால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள், ஒன்றில் பாதுகாப்பு, மற்றதில் ஆபத்து. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருக்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள், ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைத்துவிடும். ஆர்ஓ அல்லது எதிர்மின் ரெசின் இதற்குச் சரி. ரெசினைக் கழுவ மறந்தால் அது பிடித்து வைத்த நைட்ரேட்டை மொத்தமாகத் தண்ணீரிலேயே திருப்பிக் கொட்டிவிடும், அதிலும் சல்பேட் அதிகமான தண்ணீரில்.

ஆர்செனிக்கில் இரண்டு வடிவம். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கிடைக்கும் மூன்றிணைப்பு வகையை ஆர்ஓ சரியாகப் பிடிக்காது, முதலில் குளோரின் போன்ற ஒன்றால் ஐந்திணைப்பாக மாற்ற வேண்டும். இரும்பு சார்ந்த உறிஞ்சு படுகைகளும் உண்டு. ஃப்ளூரைடுக்கு ஆர்ஓ, ஊக்குவித்த அலுமினா, எலும்புக்கரி. உறிஞ்சு படுகை எதுவும் நிரம்பியதும் மணி அடிக்காது, சுவையும் மாறாது, எனவே அவ்வப்போது பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

டிடிஎஸ் மீட்டர் இவற்றில் எதையும் காட்டாது. அது மொத்தக் கரைசலின் மின்கடத்துதிறனை அளக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பும் பச்சையுமாகச் சேறு திரளக் காட்டி "இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்பவர் வந்தால் கதவைக் காட்டுங்கள். அந்தச் சேறு கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. அவர் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஆர்ஓ தண்ணீரில் சேறு வராததற்குக் காரணம் அதில் மின்சாரம் பாயப் போதிய உப்பு இல்லை என்பதே. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அங்கும் சேறு வரும்.

ஒன்றுக்கு மேல் கோளாறு இருந்தால் எதை முன்னால் வைப்பது

பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் வரிசை: மணல் வடிகட்டி, பிஎச் சரிசெய்வது, இரும்பு–மாங்கனீசு, சாஃப்ட்னர், கார்பன், கடைசியில் யூவி. ஆர்ஓ இவை எல்லாவற்றுக்கும் பிறகு சமையலறையில் தனியாக. காரணம் தெரிந்தால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் அடுத்ததைக் காப்பாற்றுகிறது. பிஎச் குறைவாக இருந்தால் இரும்பு ஃபில்டர் ஓடாது, இரும்பு போனால் ரெசின் பிழைக்கும், குளோரின் மிச்சமிருந்தால் ஆர்ஓ சவ்வு கெடும் என்பதால் கார்பன் முன்னால்.

கழுவல் வேகத்தையும் முன்பே பாருங்கள். 25 செ.மீ. விட்டமுள்ள இரும்பு ஃபில்டரைத் தலைகீழாகக் கழுவ நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் தொடர்ந்து வேண்டும். ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து பாருங்கள். மோட்டார் 12 லிட்டர்தான் தருகிறது என்றால் அந்த ஃபில்டர் கொஞ்ச காலத்தில் கல்லாகிவிடும். விற்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

கருவி வந்த பிறகு வருகிற புதுக் கோளாறுகள்

குழாயில் பொன்னிற மணிகள் வந்தால் சாஃப்ட்னருக்குள் இருக்கும் சல்லடை உடைந்திருக்கிறது, ரெசின் வெளியேறுகிறது. உடனே பைபாஸில் போடுங்கள் (தண்ணீர் கருவிக்குள் போகாமல் சுற்றிப் போகும்படி வால்வைத் திருப்புங்கள்), ஷவர்களை அடைத்துவிடும். கழுவலுக்குப் பிறகு உப்புக் கரித்தால் கடைசி அலசல் போதவில்லை, வடிகால் பைப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். உப்புத் தொட்டியில் உப்பு குறையவே இல்லை என்றால் மேலே ஓடு கட்டி அடியில் வெற்றிடம் இருக்கும், ஒரு கட்டையால் குத்தி உடையுங்கள். அழுத்தம் திடீரென்று குறைந்தால் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், அழுத்தம் திரும்பினால் கார்ட்ரிட்ஜ்தான், திரும்பாவிட்டால் மோட்டார் பக்கம். ஊருக்குப் போய்த் திரும்பியதும் கார்பன் ஃபில்டர் நாறினால் உள்ளே பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, அதைத் தூக்கிப் போடுங்கள், கழுவி மீண்டும் வைப்பதில் அர்த்தமில்லை.

ஆர்ஓவுக்கு மட்டும் டிடிஎஸ் மீட்டர் உண்மையிலேயே பயன்படும். உள்ளே போகிற தண்ணீரில் 800, வெளியே 60 என்று முதல் நாள் குறித்து வையுங்கள். வெளியே வருவது 150, 200 என்று ஏறினால் சவ்வோ அதன் ரப்பர் வளையமோ போய்விட்டது. எந்தக் கருவியானாலும், எந்தப் பொருளுக்காக வாங்கினீர்களோ அதே பொருளை, கருவிக்கு முன்னும் பின்னும் இரண்டு பாட்டிலில் பிடித்து, முதலில் பார்த்த அதே ஆய்வகத்தில், பொருத்திய முதல் மாதத்துக்குள் ஒரு முறை சோதியுங்கள். முடிவு சரியில்லை என்றால் அப்போதுதான் விற்றவரிடம் பேச உங்கள் கையில் எண் இருக்கும்.